இரண்டடித் தூரத்து நேர்மை

ரேஷன் கடைத் தராசில் புளூடூத் வைத்துவிட்டால் எடைத் திருட்டு ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை. புளூடூத் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் ஒரு வகை. ரேஷன் கடை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் கோப்பில் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டாம் வகையினர் என் துறையில், ஏசி அறையில் உட்கார்ந்து, அந்தக் கோப்புக்கான பவர்பாயின்ட்டைத் தயாரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கம்பத்திலும் கூடலூரிலும் சின்னமனூரிலும் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள்.

ரேஷன் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள், 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2017-ல் தாள் அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது, கூடவே பி.ஓ.எஸ். கருவி வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வந்தபோது விரல்ரேகை வந்தது. ரேகை விழாதவர்களுக்காகப் பிறகு கருவிழி வந்தது. 2021 ஜூனில் ஒன்றிய அரசு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கு உதவும் விதிகளைத் திருத்தி, பி.ஓ.எஸ். கருவியோடு மின்னணுத் தராசை இணைக்கச் சொல்லித் தூண்டியது. அந்த வரிசையில்தான் இப்போது புளூடூத் தராசு. விற்பனையாளர் ‘20 கிலோ’ என்று கையால் தட்ட முடியாது. தராசில் 20 கிலோ நின்றால்தான் அந்த எண் புளூடூத் வழியாகக் கருவிக்குப் போகும், போனால்தான் பில் விழும்.

2025-ல் ரேஷன் கடை ஊழியர் சங்கங்கள் இதை எதிர்த்துப் போராடின. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து, இணைப்புக்காகக் காத்து, பிறகு பில் போட்டால் ஒரு அட்டைக்கு ஆகும் நேரம் எகிறிப்போகிறது என்பது ஒரு புகார். கிடங்கிலிருந்து எங்களுக்கு வருகிற மூட்டையே எடை குறைவாகத்தான் வருகிறது, முதலில் அங்கே ஒழுங்காக நிறுத்துக் கொடுங்கள் என்பது இன்னொன்று. இதற்கு என் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்த பதில், “திருட முடியலேன்னு அழறானுங்க.” பதினேழு சிரிப்புப் பொம்மைகள். எல்லோரும் இன்ஜினியர்கள்.

ரேஷன் கடைக்காரர்களை உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சாக்கோடு சேர்த்து நிறுப்பது, பருப்பில் கை வைப்பது, வாங்காத பொருளுக்கு எஸ்.எம்.எஸ். வருவது, இதெல்லாம் நம் எல்லார் வீட்டிலும் பேசப்படுகிற கதைகள். எடைத் திருட்டு உண்மையான பிரச்சினை. அதனால்தான் அதற்கு ஒரு பொம்மை வைத்தியம் பார்ப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நேரத்தைப் பற்றி முதலில். கம்பம் பள்ளத்தாக்கில் ரேஷன் வாங்குகிற பெண்களில் பெரும்பகுதி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்னே ஜீப் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ இடுக்கி மலைக்குப் போய், காய் எடுத்து, களை வெட்டி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். ரேஷனுக்காக ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. காய் எடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது, அது தனிக் கதை. எங்கள் தெருவில் ஒரு மதினி வெறும் பையோடு திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார்: “தராசுக்கும் மிசினுக்கும் சண்டையாம் தம்பி. ரெண்டும் பேசிக்கிட மாட்டேங்குதாம். நாளைக்கு வரச் சொல்லிட்டாக.”

புளூடூத்துக்குத் தமிழில் ‘ஊடலை’ என்று ஒரு சொல் உண்டு. ஊடு, அலை. புலனம், வலையொளி எல்லாம் வரிசையாக வருமே, அந்த ஃபார்வர்டு பட்டியலில் இதுவும் இருக்கும். நாமெல்லாம் கேலி செய்த பட்டியல்தான். ஆனால் மதினி சொன்னதைக் கேட்டபின் அந்தச் சொல்லை உருவாக்கியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஊடல் அதற்குள்ளேயே இருக்கிறது.

சரி, அந்த ஊடலை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அதைத் திட்டுவோம். 1994-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் இந்த வேலையைத் தொடங்கியபோது நோக்கம் மிக எளிமையானது: ஆர்.எஸ்-232 என்கிற வயருக்குப் பதிலாக ரேடியோ அலை. அவ்வளவுதான். புளூடூத் பிறந்ததே ஒரு வயரின் வாரிசாகத்தான். கணினியோடு தராசை இணைக்கப் பல காலமாகப் பயன்படுவது அதே ஆர்.எஸ்-232 வயர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது ஓடுகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. கூட்டத்தில் இடி படாமல் இருக்க அது தாவிக்கொண்டே இருக்கும். பாண்டி ஆட்டம் மாதிரி: 79 கட்டங்கள், ஒரு நொடிக்கு 1600 தாவல்கள், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்ற வரிசை ஆடுகிற இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, நெரிசலுக்காகச் செய்தது. ‘பத்து மீட்டர்தானே போகும், யார் வந்து ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்’ என்பதும் பாதுகாப்பு இல்லை. 2004-லேயே அமெரிக்காவில் சிலர் துப்பாக்கி வடிவில் ஒரு ஆன்டெனா செய்து, ஒரு மைலுக்கு அப்பால் இருந்த போனோடு புளூடூத்தில் பேசிக் காட்டினார்கள். பத்து மீட்டர் என்பது சாதாரணக் காதுக்கு.

பாதுகாப்பு வருவது ‘பேரிங்’ என்கிற இடத்தில். இரண்டு கருவிகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய முறையில் இதற்கு நாலு இலக்க எண், பெரும்பாலும் 0000 அல்லது 1234. பேரிங் நடக்கும்போது ஒட்டுக்கேட்டால் அந்த நாலு இலக்கத்தை ஒரு நொடிக்குள் சாதாரணக் கணினியிலேயே உடைக்கலாம் என்று டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஷேக்கடும் வூலும் 2005-ல் காட்டினார்கள். 2007-ல் புது முறை வந்தது. அதை மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். தரகரும் வாங்குகிறவரும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், துண்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும், விலை மட்டும் இரண்டு பேருக்குள். புது பேரிங் கிட்டத்தட்ட அதுதான். எல்லாரும் பார்க்கப் பேசி, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு எண்ணுக்கு வந்து சேர்கிற கணிதம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. துண்டுக்குள் இருக்கிற கை யாருடையது? சந்தையில் முகத்தைப் பார்க்கிறோம். கருவிக்கு முகம் இல்லை. அதனால்தான் போனைக் காரோடு இணைக்கும்போது இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் வந்து ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்கிறது. அதுதான் முகம் பார்க்கிற இடம், நாம் பார்க்காமலே ‘ஓகே’ அமுக்குகிற இடம். திரையும் பொத்தானும் இல்லாத இயர்போன் மாதிரியான கருவிகளுக்கு இந்தக் கேள்வியையே விட்டுவிடுவார்கள். அந்த முறைக்குப் பெயரே ‘ஜஸ்ட் வொர்க்ஸ்’. சும்மா வேலை செய்யும். ஒட்டுக்கேட்பவனிடமிருந்து காக்கும், நடுவில் கையை நுழைக்கிறவனிடமிருந்து காக்காது. பாட்டுக் கேட்க இது போதும்.

ஒரு நாள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே போனில் ஒரு இலவச ஸ்கேனர் செயலியைத் திறந்து பார்த்தேன். அது அத்துமீறல் எதுவும் இல்லை, சுற்றியிருக்கிற கருவிகள் தாமாகவே கத்திக்கொண்டிருப்பதைக் கேட்பது மட்டும்தான். வாட்ச், இயர்பட்ஸ், பேருந்தின் பாட்டுப் பெட்டி, யாரோ ஒருவரின் பெயரோடு ஒரு போன். டீ ஆறுவதற்குள் பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. ஒவ்வொன்றும் ‘நான் இங்கே இருக்கேன்’ என்று நொடிக்குப் பலமுறை ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏலச் சீட்டுக்காரர் மாதிரி. வயர் இப்படிக் கத்தாது.

பொறியியல் படித்தவர்கள் பிராஜெக்ட்டுக்கு வாங்கியிருப்பீர்களே, சில நூறு ரூபாய்க்கு ஹெச்.சி-05 என்று ஒரு சின்ன புளூடூத் அட்டை. கடையிலிருந்து வரும்போது அதன் எண் 1234. எந்தக் கருவிக்குள்ளும் அதை ஒட்டலாம், ஒட்டினால் ‘புளூடூத் வசதி கொண்டது’ என்று பெட்டியில் அச்சடிக்கலாம். புளூடூத் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த 1234-ம் அடங்கும், இரண்டு பக்கமும் முகம் பார்த்துச் சாவி மாற்றிக்கொள்கிற வலுவான முறையும் அடங்கும். ‘புளூடூத் போட்டாச்சு’ என்று ஒரு அதிகாரி சொன்னால் அவர் இதுவரை எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம். எந்த முறை, எந்தப் பதிப்பு, சாவி எவ்வளவு நீளம், யார் பேரிங் செய்யலாம் என்பதையெல்லாம் டெண்டரில் எழுதி வெளியே வைத்தால்தான் அது ஒரு வாக்கியம் ஆகும். ரேஷன் தராசில் திரை இருக்கிறது, பொத்தான்கள் இருக்கின்றன. ஆறு இலக்கம் காட்ட எல்லா வசதியும் உண்டு. ‘சும்மா வேலை செய்யும்’ முறைக்கு அங்கே சாக்கே கிடையாது.

வலுவான முறையும் சாமி கொடுத்தது இல்லை. 2019-ல் அந்தோனியோலி, டிப்பன்ஹவர், ராஸ்முசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கருவிகள் சாவியின் வலிமையைத் தங்களுக்குள் பேரம் பேசி முடிவு செய்யலாம் என்று புளூடூத் தரநிலையே அனுமதித்திருந்தது, 16 பைட்டிலிருந்து 1 பைட் வரை. நடுவில் ஒருவன் புகுந்து பேரத்தை 1 பைட்டுக்கு இறக்கிவிட்டால் மொத்தம் 256 சாவிகள்தான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். பூட்டு செய்தவன் பிழை இல்லை. பூட்டுக்கான இலக்கணமே அப்படி எழுதப்பட்டிருந்தது. அதே மூவர் 2020-ல் இன்னொன்றைக் காட்டினார்கள், அதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வேண்டியது. ஏற்கெனவே அறிமுகமான இரண்டு கருவிகள் மறுபடி சேரும்போது, பழைய நடைமுறைப்படி, ஒரு பக்கம் மட்டும் ‘நீ யார், நிரூபி’ என்று கேட்டால் போதும். மற்றப் பக்கம் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. எனவே சாவியே தெரியாத ஒருவன், கேட்கிற பக்கத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, பழைய நண்பனாக நடித்துவிடலாம். கேள்வி கேட்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லையே.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ‘ஐயோ, ரேஷன் தராசை ஹேக் செய்துவிடுவார்கள்’ என்று நான் அலறப் போகிறேன் என்று நினைத்திருந்தால், மன்னிக்கவும். ஒரு கிலோ பருப்புக்காகப் பக்கத்து டீக்கடையில் ஆன்டெனாவோடு யாரும் உட்காரப் போவதில்லை. எளிய வழி இருக்கும்போது கஷ்டமான வழியில் திருடுவதற்குத் திருடனுக்கு என்ன தலையெழுத்து?

எளிய வழி எது என்பதற்கு 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் நல்ல பாடம் கிடைத்தது. லக்னோவில் சிறப்பு அதிரடிப் படை பெட்ரோல் பங்குகளில் சோதனை போட்டபோது, பம்புக்குள் சின்ன சிப் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ரிமோட்டால் இயக்கலாம். திரையில் நாம் கேட்ட லிட்டர் சரியாக ஓடும், வண்டிக்குள் குறைவாக விழும். திரையும் பொய் சொல்லவில்லை, பில்லும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குக் கிடைத்த எண்ணைத்தான் அவை நேர்மையாகக் காட்டின. பொய் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

மின்னணுத் தராசும் இதே உடம்புதான். தட்டுக்குக் கீழே லோட் செல் என்கிற உலோகத் துண்டு மிக லேசாக வளைகிறது, அந்த வளைவு மின்னழுத்தமாகிறது, மின்னழுத்தம் எண்ணாகிறது, எண்ணைத் திருத்தி அமைக்கிற அளவீடு உள்ளே பதிந்திருக்கிறது, அதன்பிறகுதான் திரை, அதன்பிறகுதான் புளூடூத். அளவீட்டில் கை வைத்தவனுக்குப் புளூடூத் எதிரி இல்லை. அது அவனுடைய கொரியர். அவன் சொன்ன பொய்யை யாரும் வழியில் பிரித்துப் பார்க்காமல், 128 பிட் உறை போட்டு, இரண்டடி தூரம் கொண்டுபோய்ப் பத்திரமாகச் சேர்க்கும். அளவீட்டைக் கூடத் தொட வேண்டாம். சாக்கோடு சேர்த்து நிறுக்கலாம். கருவிக்கு எண் போய் பில் விழுந்தபின் தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்ளலாம். தட்டில் இருப்பது அரிசியா படிக்கல்லா என்று புளூடூத்துக்குத் தெரியாது.

இந்தத் திருட்டுக்கு மருந்து பழையது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசை முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் வேலை. ஆய்வாளர் வந்து, படிக்கல் வைத்துச் சோதித்து, கம்பி கட்டி ஈயத்தில் முத்திரை குத்துவார். ஈய முத்திரைக்கு ஒரு குணம் உண்டு: அது உடைந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். 128 பிட் சாவி உடைந்தால் எனக்கே தெரியாது. ஆய்வாளர்களைக் கூட்டுவதும், கடைக்கு ஒரு சோதனைப் படிக்கல்லை அட்டைதாரர் கையெட்டும் தூரத்தில் வைப்பதும் செய்தியாகாது. ரிப்பன் வெட்ட அதில் எதுவும் இல்லை.

இனி அந்த 2020 ஆய்வுக்கு வருகிறேன். ரேஷன் கடையின் மொத்த ஏற்பாடும் அதே ஒருவழிக் கேள்விதான். அட்டைதாரர் விரலை வைத்துத் தன்னை நிரூபிக்கிறார். விரல் தேய்ந்திருந்தால் கண்ணைக் காட்டி நிரூபிக்கிறார். விற்பனையாளர் தராசைக் கொண்டு தன்னை நிரூபிக்கிறார். மேலே போகப் போகக் கேள்வி நின்றுவிடுகிறது. கடைக்கு லாரியில் மூட்டை வருகிறதே, அது 50 கிலோ என்று கிடங்கு தன்னை யாரிடம் நிரூபிக்கிறது? சணல் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சாக்கோடு 50 கிலோ என்றால் அங்கேயே அரைக் கிலோ காலி. மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ குறைகிறது என்பது விற்பனையாளர்களின் நெடுநாள் புகார். புகார் பொய் என்றால் இறக்கும் இடத்தில் நிறுத்துக் காட்டி ஒரே நாளில் வாயை அடைத்துவிடலாமே. புகார் உண்மை என்றால், கீழே கிராம் சுத்தமாக நிறுத்தே ஆக வேண்டும் என்று பூட்டுப் போட்டிருக்கிற கடையில் அந்த இரண்டு கிலோ யார் தலையில் விழும்? மாதக் கடைசியில் வருகிறவர் தலையில். ‘ஸ்டாக் தீந்துருச்சு’ என்பதை எந்தப் புளூடூத்தும் நிறுப்பதில்லை.

ஜார்க்கண்டில் ஆதார் ரேகை வந்தபோது ஜான் ட்ரெஸ், ரீத்திகா கேரா முதலியோர் 2017-ல் சொன்னதும் இதுதான். ஆள் மாறாட்டத்தைப் பிடிக்கச் செய்த கருவியால் அளவுத் திருட்டைப் பிடிக்க முடியாது. 35 கிலோவுக்கு ரேகை வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுப்பது அப்படியே தொடரலாம், ரேகை விழாத கிழவி மட்டும் வெளியே நிற்பார். தராசு இணைப்பு அந்த விமர்சனத்துக்கான பதில் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். பாதிப் பதில்தான். கடைசி இரண்டடிக்கான பதில்.

எங்கள் மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற ரேஷன் அரிசி கிராம் கிராமாகத் தராசில் திருடியது இல்லை. அட்டைதாரர்கள் வேண்டாம் என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறதைத் தரகர்கள் வீடு வீடாக வாங்கிச் சேர்த்து, மூட்டை மூட்டையாக, வண்டி வண்டியாக மலை ஏற்றுகிறார்கள். கம்பம்மெட்டிலும் குமுளியிலும் பிடிபட்ட செய்தி தினசரிகளுக்குப் புதிதில்லை. அதில் ஒவ்வொரு கிலோவும் ஒழுங்காகப் பில் போடப்பட்ட அரிசியாகவே இருக்கலாம். புளூடூத் தராசில் நிறுத்திருந்தால் இன்னும் சுத்தமான கணக்கோடு எல்லை தாண்டியிருக்கும்.

இப்போது வயர். நாள் முழுக்க ஒரே மேசையில், இரண்டடி இடைவெளியில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எதற்கு ரேடியோ? ஓடிக்கொண்டே பாட்டுக் கேட்கிறவனுக்கு வயர் தொல்லை. தராசு எங்கே ஓடப் போகிறது? வயருக்கு பேரிங் இல்லை, சாவி இல்லை, பக்கத்து வைஃபையோடு நெரிசல் இல்லை, ஊடல் இல்லை. அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், வேறு எங்காவது செருகியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இதை ஒரு விற்பனையாளரிடம் சொன்னபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எலி விட்டு வைக்குமா சார்?” நியாயமான ஆட்சேபணை. நான் கேட்ட எந்தப் பவர்பாயின்ட்டிலும் எலி வந்ததில்லை. இரும்புக் குழாய்க்குள் வயரை விட்டால் ஆயிற்று என்று சொன்னேன். “அதுக்கு யாரு சார் பில் பாஸ் பண்ணுவா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புளூடூத்தே இருக்கட்டும் என்றாலும் செய்ய வேண்டியது வேறு. தராசின் திரை விற்பனையாளரைப் பார்த்து இருக்கக் கூடாது, வாங்குகிறவரைப் பார்த்து இருக்க வேண்டும், பெரிய எழுத்தில். ஒவ்வொரு பொருளின் எடையும் தமிழில் அச்சான சீட்டாக அவர் கையில் வர வேண்டும். இணைப்பு இரண்டு முறை விட்டுப்போனால் கையால் பில் போட்டு அனுப்புகிற உரிமை விற்பனையாளருக்கு வேண்டும், அப்படிப் போட்டது எத்தனை என்று தனியாக எண்ணிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? முக்கியமாக, மூட்டை லாரியில் ஏறும்போதும் கடையில் இறங்கும்போதும் நிறுக்க வேண்டும். இரண்டு எண்ணையும் கடை வாசல் பலகையில் எழுத வேண்டும்.

இதை என் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். “இதுல டெக்னாலஜி எங்கடா இருக்கு?” என்று கேட்டான் ஒருவன். பெங்களூரில் பெரிய நிறுவனத்தில் கட்டமைப்புப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருக்கிறான். அவன் அலுவலகத்துக்குள் நுழைகிற யாரும், நிறுவனத் தலைவர் உட்பட, வாசலில் அட்டையைத் தேய்க்காமல் உள்ளே போக முடியாது என்று பெருமையாகச் சொல்வான். அந்தத் தலைவர் தேய்க்கிறாரே, அந்த டெக்னாலஜிதான்டா என்று எழுதினேன். அங்கே விரல் வைக்கிற வரிசையில் மேலே இருப்பவரும் நிற்கிறார். எங்கள் ஊரில் மதினி மட்டும் நிற்கிறார், அடுத்த நாளும்.